கஞ்சியும் கால் கழுவுதலும்

ஏற்காடு,
14-3-2026

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கிண்டல் நேராகத்தான் வந்து விழுகிறது, அதனால் உன்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. இங்கே எல்லாரும் சுகம். வீட்டுக்காரிக்குத்தான் முழங்கால் வலி. மேட்டில் ஏறும்போது வாயை மூடிக்கொள்கிறாள், இறங்கும்போது என்னைத் திட்டுகிறாள். மிளகு பறிப்பு முடிகிற கட்டம். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, தோளில் சாக்குப் பையோடு ஏறிப் பறிக்கிற ஆட்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிறார்கள். பூமழை இன்னும் வரவில்லை. மாசியில் ஒரு தூறல் போட்டது, காப்பி மொட்டு விரிய அது எந்த மூலைக்கு?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். என் மகள் குடும்பம் கனடாவில் போகிற மென்னோனைட் கிறிஸ்தவச் சபைக்காரர்கள் என்றால் குதிரை வண்டியில் போகிறவர்கள்தானே, போன வருஷம் மகள் வீட்டில் இருந்தபோது நீ எந்த வண்டியில் கோயிலுக்குப் போனாய் என்று கேட்டிருக்கிறாய். மருமகனின் காரில்தான் போனேன். நீ நினைக்கிற குதிரை வண்டிக்காரர்கள் ஆமிஷ். 1693 வாக்கில் யாக்கோபு அம்மான் என்பவரின் பின்னால் பிரிந்து போனவர்கள். மென்னோனைட்டுகளிலும் வண்டி கட்டுகிற பழமைக்காரர்கள் உண்டு. ஆனால் மகள் இருக்கிற வின்னிபெக் நகரத்தில் நான் பார்த்தவர்கள் நர்ஸ், பிளம்பர், வாத்தியார், கோதுமை விவசாயம் பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். மருமகனோடு வேலை பார்க்கும் ஒருவர் கூப்பிட்டார், இவர்கள் போனார்கள், பிள்ளைகளுக்குப் பிடித்துப் போய் அப்படியே தங்கிவிட்டார்கள். அவ்வளவுதான் கதை. மதம் மாறிவிட்டாளா என்று உன் சம்சாரம் கேட்டதாக எழுதியிருந்தாய். கிறிஸ்தவர்கள்தானம்மா என்று சொல்லிவிடு.

‘வெள்ளைக்காரன் புதுசாக் கண்டுபிடித்த சபை’ என்று எழுதியிருக்கிறாய், அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் அங்கே போய் இறங்கிய 2025 ஜனவரியில் அவர்கள் ஐந்நூறாவது வருஷம் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 1525 ஜனவரி 21 ராத்திரி, சூரிச் நகரத்தில் ஒரு வீட்டில் சிலர் கூடி ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். விவரம் தெரிந்து, தானே விசுவாசித்து எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்பது அவர்கள் கட்சி. அடுத்த இரண்டு வருஷத்தில், 1527 ஜனவரியில், அவர்களில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை லிம்மாட் ஆற்றில் அமுக்கிக் கொன்றார்கள். கொன்றது போப்பாண்டவர் ஆட்கள் இல்லை, சீர்திருத்தம் பேசிய அதே நகரசபை! மென்னோ சைமன்ஸ் இதற்கெல்லாம் பிறகு வந்தவர். ஹாலந்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குருவாக இருந்து 1536-ல் வெளியே வந்தவர். சிதறிக் கிடந்தவர்களைச் சேர்த்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

நம் நாட்டுக்கும் அவர்கள் புதுசு இல்லை. 1899-லேயே, இப்போதைய சத்தீஸ்கரில் இருக்கிற தம்தரியில் பஞ்ச நிவாரணத்தோடு வேலை ஆரம்பித்தவர்கள். தெலுங்கானாவில் மகபூப்நகர் பக்கம் போனால் ஊர் ஊராக மென்னோனைட் சபைகள். அவர்களுடைய உலக மாநாடே 1997-ல் கல்கத்தாவில்தான் நடந்தது.

இதில் வேடிக்கை, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து சமாச்சாரம். 1522 லெந்து காலத்தில், அதே சூரிச்சில், புரோஷவர் என்ற அச்சகக்காரர் வீட்டில் புகை போட்ட தொத்திறைச்சியை (சாசேஜ்) நறுக்கி ஆளுக்கு ஒரு துண்டு தின்றார்கள். நோன்பை முறித்ததற்காக வழக்காகி, ஊரே இரண்டுபட்டது. சூரிச்சின் சீர்திருத்தப் போதகர் ஸ்விங்க்லி அங்கேயே இருந்தார், ஆனால் தின்னவில்லை. அப்புறம் தின்றவர்களுக்காகப் பிரசங்கம் பண்ணினார். கெட்டிக்காரர்! அன்றைக்குத் தின்றவர்களில் சிலர்தான் பின்னால் இந்த மறுஞானஸ்நானக் கூட்டத்தில் சேர்ந்தார்கள். அப்படி ஆரம்பித்தவர்களின் சந்ததி, நூற்றாண்டுக் கணக்கில் லெந்து என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், இப்போது கொஞ்ச காலமாக லெந்து அனுசரிக்கிறார்கள். எல்லாச் சபையிலும் இல்லை. மகள் போகிற சபையில் உண்டு.

லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் ஆராதனைக்குப் போனேன். வெளியே மைனஸ் 20. உள்ளே ஒரு மர மேஜை, அதில் சாம்பல் வைத்த சாதாரண மண் கிண்ணம். பாஸ்டர் ஒரு பெண்மணி. நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார், பாதிப் பேர் போனார்கள். முன்வரிசையில் ஒரு தாத்தா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். காப்பி குடிக்கும்போது நானாகப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். “எங்கள் அப்பா இருந்தால் பாப்பு மார்க்கத்து, அதாவது கத்தோலிக்க வழக்கம் என்று எழுந்தே போயிருப்பார். இளசுகள் கேட்டார்கள், சபை கூடி ஒரு வருஷம் பேசினோம். சரி, வைத்துக்கொள்ளட்டும், நான் உட்கார்ந்துகொள்கிறேன்” என்றார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் அவருடைய பேத்தியாம். நம் பாஸ்டரேட் (சேகர) கமிட்டியில் மைக்செட் வாங்குவதற்கே நாம் போட்ட சண்டையை நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். பிரசங்கம் காலேஜ் லெக்சர் மாதிரி. ஒரு ஆமென் கிடையாது. பெரிய வெள்ளி ஆராதனை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தையையும் மூன்று மணி நேரம் கேட்டு வளர்ந்த உடம்புக்கு அது பத்தவில்லை. பாட்டு மட்டும் அபாரம். ஆர்மோனியம், கீபோர்டு எதுவும் இல்லாமல், சபை முழுவதும் நாலு குரலில் பிரிந்து பாடுகிறது. பாடகர் குழு என்று தனியாக யாரும் நிற்கவில்லை. என் பக்கத்தில் இருந்த பையன் சும்மா பேண்ட் பையில் கையை விட்டுக்கொண்டு பேஸ் பாடுகிறான்.

லெந்து புதன்கிழமைகளில் சூப்பும் ரொட்டியும். ஒவ்வொரு வாரம் ஒரு வீட்டார் பானை வைக்கிறார்கள். முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, மேலே சதகுப்பைத் தழை. அவர்கள் போர்ஷ்ட் என்கிறார்கள், நமக்கு மிளகு போட்டால் நன்றாக இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுச் செலவில் மிஞ்சுகிற காசு உண்டியலுக்கு. நான் முதலில் இதை ஒரு நாகரிகமான நோன்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு பாட்டியம்மா பேசினார். அவருடைய தாயார் தெற்கு ரஷ்யாவில், இப்போதைய உக்ரைனில், பஞ்சத்தில் தவித்த குழந்தை. அமெரிக்க மென்னோனைட்டுகள் 1920-ல் ஒரு நிவாரணக் கமிட்டி அமைத்து, 1922-ல் அங்கே கஞ்சித்தொட்டி திறந்திருக்கிறார்கள். அந்தக் கஞ்சியில் பிழைத்த ஜனங்களில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் 1920-களில் கப்பலேறிக் கனடா வந்தார்கள். அந்தக் கமிட்டி இன்றைக்கும் இருக்கிறது, புதன்கிழமை உண்டியல் அதற்குத்தான் போகிறது. யாரோ கொடுத்த கஞ்சியைக் குடித்து வளர்ந்த வீட்டுப் பெண், தொண்ணூறு வயதில், உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே இதைச் சொன்னார். அதற்கப்புறம் சூப்பில் மிளகு இல்லை என்ற குறையை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஈஸ்டருக்குப் பாஸ்கா என்று ஒரு இனிப்பு ரொட்டி சுடுகிறார்கள். காலியான காப்பித்தூள் டின்னில் மாவை வைத்துச் சுடுவதால் கோபுரம் போல உயரமாக எழும்பி வருகிறது. மேலே வெள்ளைச் சர்க்கரைப் பாகு, கலர் கலர் மிட்டாய்த் தூள். காப்பித் தோட்டத்திலேயே ஆயுசைக் கழித்தவனுக்குக் காப்பி டின்னுக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பது தெரியாமல் போயிற்றே!

இயேசு சீஷர்கள் காலைக் கழுவியதை நினைக்கிற பெரிய வியாழனை, பெரிய வெள்ளிக்கு முந்தின நாளை, பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். நம் பக்கத்தில் ஆயர் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்பு போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர்கூடப் போட்டு வந்து உட்கார்வார்கள். நீயும் ஒரு வருஷம் உட்கார்ந்தவன், மறுக்காதே. அங்கே ஆயருக்கென்று தனி வேஷம் இல்லை. ஜோடி ஜோடியாக, நான் உன் காலைக் கழுவ வேண்டும், நீ என் காலைக் கழுவ வேண்டும். 1632-ல் ஹாலந்தின் டோர்ட்ரெக்ட் ஊரில் எழுதிய விசுவாச அறிக்கையிலேயே இதற்கென்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். ஆண்கள் ஒரு அறை, பெண்கள் ஒரு அறை. எனக்கு ஜோடியாக வந்தவன் லாரி ஓட்டுகிற முப்பது வயதுப் பையன். பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். அவன் முழந்தாளிட்டு என் குதிகால் வெடிப்பில் விரலை வைத்தபோது கூசியது, ஆனாலும் தாங்கிக்கொண்டேன். வயசில் பெரியவன், கால் நீட்டிப் பழக்கம். அப்புறம் என் முறை. நம்மில் சின்னவர்கள்தானே பெரியவர்கள் காலைத் தொடுவார்கள்? மகன் வயசுப் பையனின் காலை மடியில் வாங்கும்போது, உடம்பு கீழே போய்விட்டது, மனசு போகவில்லை. அவன் காலில் பூட்ஸ் அழுத்திய தடமும், கட்டைவிரலில் கறுத்துப்போன ஒரு நகமும் இருந்தது. துடைத்து முடித்ததும் இருவரும் எழுந்து கட்டித் தழுவிக்கொள்ள வேண்டும், அது முறை. அவன் “தேங்க் யூ, அங்கிள்” என்றான். மகள் சொல்லிக் கொடுத்திருப்பாள்.

இந்த லெந்தில் இங்கே சின்னதாக ஒன்று ஆரம்பித்தோம். சாம்பல் எல்லாம் இல்லை, அதைப் பேச்சிலேயே எடுக்கவில்லை. புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் பச்சைப்பயறுக் கஞ்சி, கொள்ளுத் துவையல். அவ்வளவுதான். ஆயர் உடனே சம்மதித்தார். கமிட்டியில் ஒருவர், “நோன்பு நாளில் சாப்பாடு போடுகிற சபையை இப்போதுதான் பார்க்கிறேன்” என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் அவருடைய உண்மையான கேள்வி அது இல்லை. யார் வீட்டுப் பானை என்பதுதான் கேள்வி. முதல் வாரம் எஸ்டேட் லயத்தில், கூலியாட்கள் குடியிருக்கிற வரிசை வீட்டில், வைத்த கஞ்சி. சிலருக்கு அன்றைக்குப் பார்த்துச் சர்க்கரை ஏறிவிட்டது, சிலருக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஏற்காட்டிலேயே குடியிருக்கிறவர்களுக்கு என்னடா பஸ்? மூன்றாம் வாரம் பானை தலைமையாசிரியர் வீட்டுக்குப் போயிற்று, கூட்டம் கூடியது. நாலாம் வாரம், போன புதன், மறுபடி லயத்துக்கு. இந்தத் தடவை பெரும்பாலோர் உட்கார்ந்து குடித்தார்கள். இரண்டு குடும்பம் இன்னும் ஆசீர்வாதம் சொன்ன கையோடு செருப்பைத் தேடுகிறது. பார்க்கலாம்.

காணிக்கைக்கும் தகராறு. மிளகு ஏணி சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த ஒருவன் சேலத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். தினக்கூலி. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் போகிறவன். ‘கோயில் காசை வெளியாளுக்கா’ என்று ஒரு குரல் எழும்பியது. பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி எழுந்து, “கஞ்சி குடிக்காதவங்க காணிக்கையைப் பத்திப் பேச வேண்டாம்” என்றார். பணம் போன சனிக்கிழமை அவன் மனைவி கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது என் யோசனையைக் கேள். ஏப்ரல் 2 பெரிய வியாழன். ஜோடி ஜோடியாகக் கால் கழுவுதலை இங்கே வைத்தால் என்ன? கஞ்சியையாவது சாக்குச் சொல்லித் தட்டலாம், இதில் முடியாது. எஸ்டேட் ரைட்டர், அதாவது கணக்கர், காலை ஒரு பறிப்பு ஆள் கழுவுவான், அதில் யாருக்கும் ஆட்சேபணை வராது. ரைட்டர் திருப்பிக் கழுவ வேண்டுமே! சீட்டுப் போட்டு ஜோடி சேர்க்கலாம் என்கிறார் ஆயர். சீட்டுப் போட்டால் அன்றைக்குப் பாதிச் சபை வராது என்று வீட்டுக்காரி சொல்கிறாள். அவரவர் இஷ்டத்துக்கு விட்டால், அண்ணன் காலைத் தம்பி கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது. வின்னிபெக் தாத்தா மாதிரி, வேண்டாதவர்கள் உட்கார்ந்திருக்கட்டும், ஆனால் வருகிறவர்களுக்குச் சீட்டுதான் என்று சொல்லலாமா? நீ பாளையங்கோட்டையில் இத்தனை வருஷம் பாஸ்டரேட் செயலாளராக இருந்து சண்டை பார்த்தவன். கமிட்டி 22-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. அதற்கு முன் பதில் போடு, தபாலை நம்பாதே, போனிலாவது கூப்பிடு.

மிளகு இரண்டு கிலோ காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். ஈஸ்டருக்கு நீங்கள் இரண்டு பேரும் வருவதாக இருந்தால் கையில் தருகிறேன், இல்லையென்றால் பார்சல் போடுகிறேன். கொண்டை ஊசி வளைவு இருபதிலும் உன் சம்சாரத்துக்குத் தலை சுற்றும் என்பது ஞாபகம் இருக்கிறது; சேலத்தில் சாப்பிடாமல் ஏறச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் சிநேகிதன்