வேலையை அல்ல, வீட்டை விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒரு தாயார் எழுதிய கடிதத்தைப் படித்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. படிப்பு முடித்த மகள் ஒன்றரை வருடம் தொண்டராக வெளிநாடு போகப்போகிறாள், சம்பளம் இல்லை, சீவியச் செலவுக்கு மட்டும் கொடுப்பனவு தருவார்களாம், முன்பின் தெரியாத ஊரில் பிள்ளை எப்படி இருப்பாள், விடலாமா என்று கேட்டிருந்தார். விடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் வேலையைப் பற்றி விசாரிக்க முன்னம் அவள் இருக்கப்போகும் வீட்டை விசாரியுங்கள்.

நான் இயன்மருத்துவர். 2017 மாசியில் காத்மண்டுவுக்குத் தொண்டராகப் போனேன். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஒன்பதாயிரம் பேர் அளவில் இறந்த நாடு அது. முதுகெலும்பு அடிபட்டவர்கள், கால் இழந்தவர்கள் எல்லாம் இரண்டு வருடம் ஆகியும் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஷெல்லிலும் மிதிவெடியிலும் கால் போனவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரிக்கு அந்த வேலை பயமாக இருக்கவில்லை. வீடுதான் பிரச்சினையாக இருந்தது.

என்னை அனுப்பிய நிறுவனம் முதலில் பெரிய கேற் போட்ட ஒரு கட்டடத்தில் விட்டது. அங்கே எல்லோரும் வெளிநாட்டுத் தொண்டர்கள், எல்லோரும் ஆங்கிலம், சமையலுக்கு ஆள். மூன்றாம் நாளே வேலைக்கு அனுப்பினார்கள். காலை மடக்குங்கள், நீட்டுங்கள், வலிக்கிறதா, இந்த மூன்றையும் நோயாளியிடம் கேட்க எனக்கு நேபாளி தெரியாது. பின்னேரம் திரும்பி வந்தால் அந்தக் கட்டடத்தில் அதைக் கற்றுத்தரவும் ஒருவரும் இல்லை. மூன்று கிழமை இப்படியே போனது. இரவில் அம்மா எடுப்பா. காத்மண்டு நேரம் எங்கள் ஊர் நேரத்தைவிடக் கால் மணித்தியாலம் முந்தி, அந்தக் கால் மணித்தியாலம் எனக்கு ஏதோ கடல் மாதிரித் தெரிந்தது. திரும்பி வந்துவிடலாம் என்று இரண்டு தரம் முடிவெடுத்தேன்.

நாலாம் கிழமை நானே அறை தேடப் போனேன். முதல் இரண்டு வீட்டிலும் சாதியை விசாரித்தார்கள், தனிப் பெண்ணா என்று இழுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது புதிதாக இருக்காது, எங்கே கேட்டாலும் அது வெட்கக்கேடுதான். மூன்றாவது வீடு காத்மண்டுவை ஒட்டிய பதான் நகரில். சுவரில் நிலநடுக்கம் விட்ட வெடிப்பு, வெளியே மரத்தால் முட்டுக் கொடுத்திருந்தது. வீட்டுக்கார அக்கா ஒன்றும் கேட்காமல் அறையைத் திறந்து காட்டினார். ஒப்பந்தத்தில் 2073 பாகுன் என்று திகதி போட்டார்கள். அவர்களுடைய விக்கிரம ஆண்டுக் கணக்கு, பாகுன் என்பது எங்கள் மாசி. சித்திரைப் புதுவருடமும் அந்த வருடம் எங்களுடைய அதே நாளில்தான் வந்தது. அந்தக் கடதாசியைப் பார்த்தபோதுதான் அந்த ஊரில் எனக்கு முதன்முதலாக ஒரு பிடி கிடைத்தது.

அங்கே நான் பழகவேண்டி இருந்தது தண்ணீருக்கு. கிணற்றடியில் துலா மிதித்தும் மோட்டர் போட்டும் கணக்கில்லாமல் அள்ளி ஊற்றிக் குளித்து வளர்ந்த எங்களுக்கு, குழாயில் சில நாளைக்கு ஒருதரம் மட்டும், அதுவும் விடியப்புறம் ஒரு மணித்தியாலம் தண்ணீர் வரும் என்பது விளங்கவே நாள் எடுக்கும். (மேலம்சி ஆற்றுத் தண்ணீர் 2021இல்தான் நகருக்கு வந்தது.) மிச்சத்துக்குப் பவுசர், அதற்குக் காசு. முதல் கிழமை நான் முகம் கழுவவும் அக்காவிடம் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தேன். ஒரு நாள் விடிய மூன்றரை இருக்கும், கதவில் தட்டு. "பஹினி, பானி ஆயோ!" தங்கச்சி, தண்ணி வந்திட்டுது என்கிறார். போர்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். தரை காலில் ஐஸாகக் குத்தியது. காக்ரி என்று ஒரு செம்புக் குடம், அதை இடுப்பில் வைத்துப் படியேறி மேலே தாங்கியில் ஊற்றவேண்டும். குடம் என் இடுப்பில் சரியாக இருந்ததைப் பார்த்து அக்கா சிரித்தார். ஏழு குடம் ஏற்றினோம். அதற்குப் பிறகு நான் தண்ணீருக்கு அனுமதி கேட்கவில்லை. நேபாளியும் அந்தப் படியில்தான் வந்தது, மடக்கு, நீட்டு, வலிக்கிறதா எல்லாம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், 1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்த இடப்பெயர்வில் கொக்குவிலிலிருந்து வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாக நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. கொடிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் ஆறு மாதம் இருந்தோம். ஐந்து குடும்பம், ஒரு கிணறு. அம்மா ஒவ்வொரு தரமும் வாளியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பா. மூன்றாம் நாள் அந்த வீட்டு ஆச்சி சொன்னா: "பிள்ளை, கிணத்தடிக்குப் போக என்னட்டைக் கேக்காதை." அம்மா அன்றைக்குத்தான் அழுதா, பாலத்தடியில் அழவில்லை. பதானில் அந்தக் கதவுத் தட்டலைக் கேட்டபோது எனக்கு ஆச்சியின் குரல்தான் கேட்டது.

ஆகவே அந்தத் தாயாருக்கு: நிறுவனத்தாரிடம் நேரடியாகக் கேளுங்கள். முதல் மாதம் பிள்ளை எங்கே இருப்பாள், அந்த ஊர்க் குடும்பம் ஒன்றோடா, இல்லை தொண்டர்கள் மட்டும் இருக்கும் கட்டடத்திலா? வேலை தொடங்க முன்னம் மொழி படிக்க எத்தனை நாள் தருவார்கள்? எனக்கு இரண்டு கிழமை தந்திருந்தால் மூன்று கிழமை நோயாளிகளின் முன்னால் ஊமையாக நின்றிருக்கமாட்டேன். அந்த வீடு சரிவராவிட்டால், யாராவது பிழையாக நடந்தால், அன்றிரவே போக வேறு இடம் உண்டா, யாருக்கு எடுப்பது? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத நிறுவனத்தோடு பிள்ளையை அனுப்பவேண்டாம், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. சாமான் விஷயத்தில், வீட்டில் இடித்த தூள் ஒரு போத்தல் கொடுத்துவிடுங்கள், போதும். நான் கொண்டுபோன தூளில் பாதி அக்காவின் குசினியில்தான் முடிந்தது, காலை பத்து மணிக்கே அங்கே சோறும் பருப்பும் சாப்பிடுவார்கள், அதற்கு ஒரு உருளைக்கிழங்குப் பிரட்டல் நல்லாகச் சேரும்.

இன்னொன்று, இது எங்கள் ஊருக்கு. இங்கேயும் வெளிநாட்டுப் பிள்ளைகள் தொண்டு செய்ய வருகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் இப்போது ஒரு பிள்ளை இருக்கிறாள். எல்லோரும் அவளைக் கண்டால் ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சொல்லிவிட்டு விலகுகிறோம், விருந்துக்குக் கூப்பிட்டால் கதிரையில் இருத்திவிட்டு ஒரு கோப்பையைக்கூடத் தொடவிடுவதில்லை. தமிழில் கதையுங்கள், பிழை பிழையாகப் பதில் சொல்லட்டும். புட்டு அவிக்கும்போது குசினிக்குள் கூப்பிட்டு நீத்துப்பெட்டியைக் கையில் கொடுங்கள்.

எந்த நாட்டுக்கு மகள் போகிறாள் என்று அந்தத் தாயார் எழுதவில்லை. என் தொலைபேசி இலக்கத்தைக் கடிதத்தோடு தனியாக அனுப்பியிருக்கிறேன், பிரசுரிக்கவேண்டாம், அவர் கேட்டால் மட்டும் கொடுங்கள். ஆறு மணிக்குப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள், மகளோடும் கதைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொக்குவில்.