மேடைக்கு அடியில் இருப்பதையும் காட்டுங்கள்

இலக்கிய நூலகம், அருங்காட்சியகம், பழைய நாடக அரங்கு மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்து நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் வளாகத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் ஒரே ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டுதான் வருகிறார். வாசக அறையில் கேட்டால், கையெழுத்துப் படிக்கு முந்தின நாளே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவர் பார்க்க வந்த கடிதம் பேழையில் இல்லை, நகல்தான் இருக்கிறது. அரங்கில் ஒத்திகை, கதவு சாத்தியிருக்கிறது. மூன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் அந்தக் காரணங்களைத் தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. இது ஒரு குறை. இன்னொன்று இதைவிடப் பெரியது: நூலையும் கடிதத்தையும் சேகரிப்பாகக் கருதும் நீங்கள், அரங்கை மட்டும் நாற்காலி போட்ட கூடமாகவே கருதுகிறீர்கள்.

முதலில் சுலபமாகத் தீரக்கூடியவை.

நூலகத்தில் ஒரு பொருளை எடுத்துத் தர எவ்வளவு நேரமாகும், ஒரு தடவைக்கு எத்தனை தருவீர்கள் என்பதை நுழைவுச்சீட்டு விற்கும் இடத்திலேயே எழுதி வையுங்கள். குளிர் அறையில் வைத்த புகைப்பட நெகட்டிவை எடுத்த கையோடு உறையைப் பிரித்தால் ஈரம் படியும்; வெளிவெப்பத்துக்கு வரும்வரை அது மூடியே இருக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டால் ‘நாளை வாருங்கள்’ என்பது அலட்சியமாகப் படாது. பென்சில் மட்டுமே கொண்டுவரலாம் என்றால், மைக்கறை பட்டால் எடுக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய கட்டமைப்புள்ள நூலை 90 முதல் 120 பாகைக்கு மேல் விரித்தால் முதுகு விட்டுப்போகும். அதற்காகத்தான் நுரைத் தாங்கிகள். அவற்றைப் பூட்டி வைத்துவிட்டு ‘கவனமாகத் திருப்புங்கள்’ என்று பலகை மாட்டுவதில் பயனில்லை.

வெள்ளைப் பருத்திக் கையுறையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். படம் பிடிக்க நன்றாக இருக்கும், தாளுக்கு நல்லதல்ல. விரல்நுனியின் உணர்வு போய்விடும், இழை தாளின் ஓரத்தில் மாட்டும், கிழியும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கையே போதும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் நைட்ரில் என்ற செயற்கை ரப்பர் கையுறை கொடுங்கள். ஓலைச்சுவடி இருந்தால் அதற்கு வேறு முறை: கட்டை அவிழ்த்து, ஓலையை ஒவ்வொன்றாகத் தட்டையாகவே நகர்த்த வேண்டும். ஒரு முனையைப் பிடித்து வளைத்தால் நார் ஓடும் திசையில் பிளந்துவிடும்.

அருங்காட்சியகத்தில் எழும் புகார், இருட்டு. கையெழுத்துப் படிகளுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு, அதைக் கூட்டச் சொல்லவில்லை. ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போவது. 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம், 90 நாள் வைத்தால் 36,000 லக்ஸ்-மணி. அதே கடிதத்தை 200 லக்ஸில் வைத்தால் 22½ நாளிலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மை ஏற்கெனவே தாளை அரித்துக்கொண்டிருக்கும், ஒளி அதை வெளிறவும் வைக்கும். ஆனால் வெயிலிலிருந்து நேரே 50 லக்ஸுக்குள் வருகிறவருக்குக் கண் பழகச் சில நிமிடங்களாவது வேண்டும். 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டுவது 20 வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே வழிநடையைப் படிப்படியாக மங்கலாக்குங்கள், பேழைக்குப் பக்கத்தில் ஒளிரும் திரை வைக்காதீர்கள், குறிப்புப் பலகையின் எழுத்தைப் பெரிதாக்குங்கள். எந்தக் கடிதம் எந்தத் தேதிவரை அசலாக இருக்கும் என்ற பட்டியலையும் வெளியிடுங்கள். அது எப்படியும் உங்கள் பாதுகாப்புப் பிரிவின் கையில் இருப்பதுதான்.

இனி அரங்கு.

ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் அருகே துரோட்னிங்ஹோல்ம் அரண்மனை அரங்கு 1766-இல் திறக்கப்பட்டது. மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1792-இல் இறந்த பிறகு அது மெல்ல மறக்கப்பட்டு, தட்டுமுட்டுச் சாமான் போடும் இடமானது. 1921-இல் ஓர் ஓவியத்தைத் தேடி உள்ளே போன இலக்கிய ஆய்வாளர் அக்னே பெயெர், மேடை இயந்திரம் அப்படியே இருப்பதைக் கண்டார். வடத்தை மாற்றிக் கட்டினார்கள், அடுத்த ஆண்டே மேடை இயங்கியது. அரங்கைச் சேகரிப்பாகப் பார்க்கத் தெரிந்தவர் ஏடு பார்த்துப் பழகியவர் என்பதை நூலகமும் அரங்கும் ஒருங்கே வைத்திருக்கும் உங்களுக்கு நினைவூட்டத் தோன்றுகிறது.

அத்தகைய மேடையின் சாரம் முழுவதும் பலகைக்கு அடியில் இருக்கிறது. பக்கத் தட்டிகள், அதாவது மேடையின் இருபுறமும் நிற்கும் காட்சி தீட்டிய சட்டங்கள், தரையிலுள்ள நீளப் பிளவுகள் வழியாகக் கீழே சக்கர வண்டிகளில் நிற்கின்றன. வண்டிகளின் வடங்கள் எல்லாம் ஒரே உருளையில் சுற்றியிருக்கும். ஆட்கள் உருளையைத் திருப்பினால், காட்டுத் தட்டிகள் உள்ளே போகும்போதே அரண்மனைத் தட்டிகள் வெளியே வரும். படுதா இறங்காமல், பார்ப்பவர் கண்ணெதிரில், சில நொடிகளில் காட்சி மாறிவிடும். மேலே பார்த்தால் சணல் வடங்களும் அவற்றைக் கட்டும் முளை வரிசையும். திருகுபோல் செதுக்கிய நீள உருளைகள் சுழன்றால் கடலலை. மரச்சட்ட உருளை துணியை உரசினால் காற்று. பிரிஸ்டலில் 1766-இல் திறந்த அரங்கின் கூரையில் இடிமுழக்கத்துக்கு உருண்டைகளை ஓடவிட்ட மரத்தொட்டி இன்றும் இருக்கிறது. இதையெல்லாம் காட்டாமல் பொன்முலாம் பூசிய மாடங்களை மட்டும் காட்டி அனுப்புவது, அட்டையைக் காட்டிவிட்டு நூலை உள்ளே வைத்துக்கொள்வதுதான்.

கூட்டிப்போவதில் சிக்கல் இல்லாமல் இல்லை. பழைய மேடை பார்வையாளரை நோக்கிச் சரிந்திருக்கும். 24-க்கு 1 என்ற சரிவில் 12 மீட்டர் ஆழமுள்ள மேடையின் பின்பக்கம் அரை மீட்டர் உயர்ந்து நிற்கும். சக்கர நாற்காலி தானே உருளும், தட்டிப் பிளவில் குதிகால் மாட்டும். பிளவை மூட மரப்பட்டை தயாராக இருக்க வேண்டும். பசைநீரில் கலந்த வண்ணத்தால் தீட்டிய படுதாவுக்குத் தண்ணீர்தான் எமன், துளி பட்டால் ஓரம் கட்டிய கறை நிற்கும். சும்மா நிற்கும் ஒருவரின் மூச்சும் வியர்வையும் மணிக்குச் சுமார் 50 கிராம் ஈரத்தைக் காற்றில் சேர்க்கின்றன. 20 பேர் மேடைக்கடியில் அரை மணி நின்றால் அரை லிட்டர். சணல் வடம் ஈரத்தில் சுருங்கும், உலர்ந்தால் தளரும். நேற்று நேராகத் தொங்கிய படுதா இன்று சாய்ந்திருப்பது அதனால்தான். எனவே 10 பேருக்கு மேல் வேண்டாம், 15 நிமிடம் போதும், தண்ணீர் பாட்டிலும் நனைந்த குடையும் வெளியே. ஈரமானியின் அளவு ஏறினால் அடுத்த குழுவை நிறுத்துங்கள், காரணத்தை அந்த எண்ணைக் காட்டியே சொல்லுங்கள்.

ஒத்திகைக்காக மூடுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. 1778-இல் திறந்த மிலான் ஸ்காலா அரங்கின் அருங்காட்சியகம் 1913 முதல் இயங்குகிறது. அதன் பார்வையாளர் மாடத்திலிருந்து அரங்கைப் பார்ப்பதும் ஒத்திகை இல்லாதபோதுதான். பாரிஸில் 1875-இல் திறந்த கார்னியே மாளிகை என்னும் ஓபரா அரங்கும் தனக்குள்ளேயே நூலக-அருங்காட்சியகம் கொண்டது. அங்கும் அதே நிலைமை. ஆனால் ஒத்திகை அட்டவணை உங்களுக்குப் பல வாரங்கள் முன்பே தெரியும், அதை வெளியிடுவதில் என்ன தயக்கம்? புது நாடகத்துக்கு மேடை கட்டும் நாளில் மாடத்திலிருந்து பார்க்க விட்டால், உண்மையில் காலி அரங்கைவிட அதுவே நல்ல காட்சி.

அடுத்தது, உங்களால் மட்டுமே செய்யக்கூடியது. மேடை நிர்வாகி பென்சிலால் குறித்த நாடகப் பிரதி உங்கள் நூலகத்தில் இருக்கும்: எந்தச் சொல்லில் மணி, எந்தச் சொல்லில் இடி, எப்போது படுதா என்று. அதில் ஒரு பக்கத்தின் நகலை அவர் நின்ற மூலையிலேயே வையுங்கள். பயிற்சி பெற்ற பணியாளர்கள் அந்தக் குறிப்பைப் பார்த்து ஒரே ஒருமுறை காட்சியை மாற்றிக் காட்டட்டும். அசல் உருளை தாங்காதென்றால் அளவு குறைத்த மாதிரி போதும். மேலே வாசக அறையில் புரியாமல் கிடந்த கிறுக்கல் கீழே வேலை செய்வதைப் பார்க்கலாம்.

கடைசியாகக் கதவுகள். வியன்னா ரிங் அரங்கு 1881 டிசம்பர் 8-இல் எரிந்தபோது மேடையையும் கூடத்தையும் பிரிக்கும் தீத்திரையான இரும்புத் திரை இறக்கப்படவில்லை. சிகாகோ இரோக்வாய் அரங்கில் 1903 டிசம்பர் 30-இல் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீத்திரை பாதியில் சிக்கியது, வெளிவாசல்கள் பூட்டியிருந்தன அல்லது தாழ்ப்பாள் யாருக்கும் திறக்கத் தெரியாத வகையில் இருந்தது. சீட்டில்லாதவர் நுழைந்துவிடுவார் என்று பார்வை நேரத்தில் பக்கவாசல்களைப் பூட்டும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். அதற்கு ஓர் ஆளை நிறுத்துங்கள். தீத்திரையை நாளுக்கொருமுறை பார்வையாளர் முன்னே இறக்கி ஏற்றுங்கள். அவர்களுக்கு அதுவும் ஒரு காட்சி, உங்களுக்குச் சோதனை.

இவற்றில் பணம் கேட்பது பெரும்பாலும் மேடைக்கடியில் செய்ய வேண்டிய படியும் விளக்கும்தான். ஒத்திகை அட்டவணை, அசல் கடிதங்களின் தேதிப் பட்டியல், நூலகக் கோரிக்கைக்கு ஆகும் நேரம் மூன்றையும் ஒரே தாளில் அச்சிட்டுச் சீட்டு விற்கும் சாளரத்தில் ஒட்ட அடுத்த திங்கட்கிழமைவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சுவடிப் பாதுகாப்பிலும் மேடை வேலையிலும் இருப்பவர்கள்