உயரமும் பொறாமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயரமான ஆண்கள் காதல் உறவில் கூடுதல் மனநிறைவோடும் குறைந்த பொறாமையோடும் இருக்கிறார்கள் என்ற கருத்தைப் பலரும் எடுத்த எடுப்பிலேயே நம்பிவிடுகிறார்கள். அதற்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. காதல் உறவில் இருந்த 98 ஆண்களிடம் வினாத்தாள் வழியே நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வின் முடிவும் அதுதான். முந்தைய ஆண்டு நெதர்லாந்து, ஸ்பெயின் நாட்டவரைக் கொண்டு வெளியான ஆய்வும் உயரமான ஆண்களுக்குப் பொறாமை குறைவு என்றது; பெண்களிலோ நடுத்தர உயரமுள்ளவர்களே குறைவாகப் பொறாமைப்பட்டனர் என்ற அதன் மறுபாதியை ஏனோ யாரும் பேசுவதில்லை.

ஆனால், அவரவர் தம்மைப் பற்றித் தாமே அளித்த பதில்களிலிருந்து ஒரு தொடர்பைக் காணலாமே தவிர, உயரம்தான் காரணம் என்று நிறுவ முடியாது. முன்பு பட்ட ஏமாற்றம், துணையின் நடத்தை, தன்மதிப்பு எனப் பொறாமைக்கு வேறு பல ஊற்றுகள் உண்டு. சிறுவயது முதல் உயரத்தைச் சுட்டிக் கேட்ட கேலியே ஒருவரின் தன்னம்பிக்கையைக் குலைத்து, பின்னாளில் சந்தேகமாக வெளிப்படக்கூடும் என்றே நான் கருதுகிறேன். அவ்வாறெனில் குறை அவரது உடலில் இல்லை, கேலி செய்தவர்களிடம் இருக்கிறது. இத்தகைய ஆய்வுகளைச் செய்தியாக்கும்போது, எத்தனை பேரிடம், எம்முறையில் கேட்கப்பட்டது என்பதையும் தலைப்புக்கு அருகிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்