ஆச்சியின் காசு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். சின்ன அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ போன் செய்து மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும். உட்ரெக்டில் குளிர் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு போ.

பொங்கலன்று நீ அனுப்பிய டுகாட் என்ற டச்சுத் தங்கக்காசின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கவச வீரன் கையிலுள்ள ஏழு அம்பும் ஏழு மாகாணங்கள் என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். 1586இல் தொடங்கிய காசைப் பற்றி என் மகன் டச்சுக்காரர்களுக்கே சொல்லித்தருகிறான் என்று பக்கத்து வீட்டிலும் சொன்னேன். ஆனால் எடை போடாமல் எதையும் வாங்காதே. மூன்றரை கிராமுக்கு ரொம்பக் குறைந்தால் விளிம்பைச் சுரண்டியிருப்பார்கள். மேலே வளையம் பற்றவைத்து எடுத்த தடம் இருக்கிறதா என்று லென்ஸில் பார், இருந்தால் விலை இறங்கிவிடும். தேய்த்துக் கழுவாதே. ஏலத்தில் கமிஷன் தனி. கடன் வாங்கி ஏலம் கேட்காதே. எடை போடாமல் வாங்காதே.

நீ கேட்ட ஆச்சி காசைப் பற்றியும் லைப்ரரியில் படித்தேன். அது வெனிஸ் டுகாட். 1284இல் அடிக்க முடிவெடுத்தார்கள். 1797இல் நெப்போலியனிடம் குடியரசு விழும்வரை உருவத்தை மாற்றவே இல்லை. அதனால்தான் முன்பின் தெரியாத ஊரிலும் பார்த்ததும் வாங்கிக்கொண்டார்கள். மிளகுக்காக எகிப்து வழியாக மலையாளக் கரைக்கு வந்த தங்கம். ஒரு பக்கம் நீள்வட்டத்துக்குள் நட்சத்திரங்கள் சூழ இயேசு. மறுபக்கம் புனித மாற்கின் முன்னால் மண்டியிட்டுக் கொடிக்கம்பைப் பிடித்திருக்கும் டோஜே, அதாவது வெனிஸின் தலைவர். நம் பக்கத்தில் கம்பைப் பனையாகவும் ஆளைப் பனையேறுபவராகவும் பார்த்து அதற்குச் சாணார் காசு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆச்சியும் அப்படித்தான் சொல்வாள்.

நீ போட்டோ கேட்டாய். லாக்கர் சாவி கிடைக்கவில்லை என்றேன். அடுத்த வாரம் பேங்க் லீவு என்றேன். அப்புறம் நீ கேட்கவே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

காசு லாக்கரில் இல்லை தம்பி. 2009இல் விற்றுவிட்டேன். உன் படிப்புக்காக என்று எழுதினால் நீ மன்னித்துவிடுவாய். ஆனால் அதற்காக விற்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் போட்ட சீட்டில் பணம் போனது, அதை அடைக்க விற்றேன். நகைக்கடையில் வளையத்தின் பற்றாசுக்கு எடை கழித்து, பழைய தங்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாளே மனசு கேட்காமல் போனேன். உருக்கியாகிவிட்டது. ஐந்நூறு வருஷம் மாறாத காசை ஒரே ராத்திரியில் கட்டியாக்கிவிட்டேன். உனக்குக் கடனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத எனக்கு என்ன தகுதி?

நீ நாலாவது படிக்கும்போது அந்தக் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாயே, அது உன் பழைய அட்லஸுக்குள் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். காசில் வருஷம் போட மாட்டார்களாம், டோஜே பெயரை வைத்துத்தான் காலம் சொல்ல வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், 'அலோய் மோசென்' என்று படிக்க முடிகிறது. அல்விசே மொசெனிகோ. அந்தப் பெயரில் நாலு டோஜே இருந்திருக்கிறார்கள், முதலாமவர் 1570இல், கடைசியானவர் 1763இல் பதவிக்கு வந்தவர். எவர் என்று நீதான் சொல்ல வேண்டும். நம் நாட்டில் அடித்த போலியும் உண்டாம், எழுத்து தப்பும் தவறுமாக இருக்கும். அதையும் பார்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கடிதம் கிடைத்ததும் அவளிடம் கேட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நானே சொல்கிறேன். அதற்கப்புறம் போன் செய்.

அப்பா