திருப்பங்கள் பெருகினால் திகில் மிஞ்சுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் திரை விமர்சனப் பகுதியை வாரந்தோறும் விடாமல் வாசிக்கிறவர்களுள் நானும் ஒருவன். அண்மைக் காலமாகத் திகில் படங்களைப் பற்றிய விமர்சனங்களில் 'அடுத்தடுத்து எதிர்பாராத திருப்பங்கள்' என்னும் தொடர் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் இடம்பெறுகிறது. அதுவும் பாராட்டாகவே இடம்பெறுகிறது. படத்தை எடுப்பவர்களும் விளம்பரங்களில் அதையே முன்னிறுத்துகிறார்கள். இந்தப் பாராட்டு தகுதியானதுதானா என்பதில் எனக்குக் கடுமையான மாற்றுக் கருத்து உண்டு. திருப்பங்கள் ஓர் அளவைத் தாண்டும்போது ஒரு திகில் படம் முதலில் இழப்பது திகிலையே என்பது என் உறுதியான எண்ணம்.

நாம் ஒருவருக்காக அஞ்ச வேண்டுமானால், அவர் யார், அவருக்கு நேரக்கூடிய கேடு என்ன என்பவற்றை முதலில் நம்பியாக வேண்டும். முதல் திருப்பம் அந்த நம்பிக்கையை அசைத்து, பார்த்த காட்சிகளையெல்லாம் மறுபடி எண்ணிப் பார்க்க வைக்கிறது. அதில் ஒரு தனி இன்பம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் வந்து, முன்பு சொன்னதும் பொய், அதைத் திருத்திச் சொன்னதும் பொய் என்று ஆகும்போது, பார்ப்பவர் எதையும் நம்பாமல் விலகி உட்கார்ந்துவிடுகிறார். அதன்பின் கதாநாயகியின் கழுத்தில் கத்தியே வைத்தாலும் அவருக்கு நெஞ்சு படபடப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் மார்த்தாண்டத்தில் பார்த்த ஒரு படத்தில் இதைக் கண்ணெதிரே கண்டேன். கணவனைப் பறிகொடுத்த பெண் பிணவறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி இடைவேளைக்குச் சற்று முன் வந்தபோது அரங்கில் ஒரு சிறு சத்தமும் இல்லை. இரண்டாம் பாதியில் அவளே கொலைகாரி என்றார்கள். பிறகு, கொலைகாரனைப் பிடிப்பதற்காக நடித்த காவல்துறை அதிகாரி என்றார்கள். பிறகு, இறந்ததாகச் சொல்லப்பட்ட கணவனே உயிரோடு வந்து நின்றான். எனக்கு முன்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் தம் நண்பரிடம், "பொறு மக்கா, இவனும் இல்லேன்னு இப்பம் சொல்லுவான்" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. அப்போது அரங்கில் அங்கங்கே கைப்பேசி வெளிச்சம் தெரியத் தொடங்கியிருந்தது. பிணவறை வாசலில் அந்தப் பெண் அழுத அழுகைக்கு நாங்கள் கொடுத்த மௌனமும் வீணாயிற்றே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

முடிவு தெரிந்துவிட்டால் கதையில் சுவை போய்விடும் என்ற அச்சமே இந்தப் போக்கிற்கு வேராக இருக்கிறது என நினைக்கிறேன். அந்த அச்சம் தேவையற்றது என்பதற்கு நம் மாவட்டத்தில் 'கொடை' எனப்படும் கோயில் திருவிழாக்களைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கொடைகளில் இசக்கியம்மன் கதை வில்லுப்பாட்டாகப் பாடப்படும்போது, பந்தலில் அமர்ந்திருக்கும் எவருக்கும் அதன் முடிவு தெரியாமல் இல்லை. பாட்டியின் மடியில் படுத்தபடி கேட்ட கதைதான். தன்னைக் கொன்றவனைப் பழிதீர்க்க மறுபிறவி எடுத்து வந்தவள், கள்ளிக்கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இப்போது வணிகனாக இருக்கும் அவனையே காட்டி, இவர் என் கணவர் என்று ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவள் யார் என்பது நமக்குத் தெரியும், அந்த வணிகனுக்கும் தெரியும். தீர்ப்புச் சொல்லப் போகும் பெரியவர்களுக்கு மட்டும் தெரியாது. இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்க அவர்கள் முடிவெடுக்கும் கட்டத்தில், பாட்டை நடத்தும் புலவர் வீசுகோலை ஓங்கி வில்லில் அடித்துப் பாட்டை நிறுத்துவார். குடமும் உடுக்கும் அடங்கிய அந்த ஒரு நொடியில், ஆண்டுதோறும் கேட்ட கதையாக இருந்தும், உடம்பு சிலிர்க்கிறது. அங்கே மறைத்து வைக்கப்பட்டது எதுவும் இல்லை. நமக்குத் தெரிந்தது கதைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியவில்லையே என்ற தவிப்பே அந்தத் திகிலை உண்டாக்குகிறது.

திரைப்படத்திலும் இது நடந்திருக்கிறது. ஜீத்து ஜோசப் 2013-இல் மலையாளத்தில் இயக்கிய 'திரிஷ்யம்' படத்தைக் கேரள எல்லையை ஒட்டி வாழும் நம்மில் பலர் அப்போதே பார்த்துவிட்டோம். அவரே அதனை 2015-இல் கமல்ஹாசன் நடிக்கப் 'பாபநாசம்' என்று தமிழில் எடுத்தபோது, முடிவை முழுதும் அறிந்திருந்தும் குடும்பத்தோடு மறுபடி போய்ப் பார்த்தோம். இறந்தவன் யார், எப்படி இறந்தான், யார் புதைத்தார்கள் என்பதையெல்லாம் அந்தப் படம் முதலிலேயே நம் கண் முன்னால் வைத்துவிடுகிறது. மறைப்பது ஒன்றே ஒன்றுதான்: உடல் இப்போது எங்கே இருக்கிறது என்பது. அந்த ஒன்று வெளிப்படும்போது, குடும்பத்தைக் காக்க எதையும் செய்யத் துணிந்த தகப்பனைப் பற்றி நாம் அதுவரை கொண்டிருந்த எண்ணம் பொய்யாகவில்லை, மேலும் ஆழப்படுகிறது. விசாரணையில் அந்தத் தகப்பனின் இளைய மகளை அடிக்கும் காட்சியில், கதை தெரிந்த நாங்களும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தோம்.

எண்ணிக்கையை மட்டும் வைத்து நான் வாதாடுவதாகக் கொள்ள வேண்டாம். 1954-இல் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் சந்தேகம் ஒருவர்மேல் ஒருவராக மாறிக்கொண்டே போகிறது. 1943-இல் சென்னையின்மேல் ஜப்பானியர் குண்டு வீசிய சூழலில் ஒரு வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுகிறார்கள். பாடலே இல்லாத அந்தப் படம் இன்றும் நம்மை இருக்கையில் கட்டிப்போடுவதற்குக் காரணம், அடுத்தவர் வாக்குமூலம் முந்தியவர் வாக்குமூலத்தை அழித்துவிடாமல், இறந்தவனின் குணத்தில் மேலும் ஒரு முகத்தைக் காட்டிக்கொண்டு வருவதே. அவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்ற உண்மைக்கு நாம் வந்து சேரும்போது, இடையில் கேட்ட எதுவும் வீணாகியிருக்கவில்லை. 1964-இல் வந்த 'புதிய பறவை' ஒரே திருப்பத்தில் படம் முழுவதையும் புரட்டிப் போடுகிறது. ஆயினும், நாயகன் கோபாலிடமிருந்து உண்மையை வரவழைக்க வந்த பெண்ணும் அவனை மனமார நேசித்தாள் என்பதை அது கைவிடவில்லை. இரண்டாம் முறை பார்க்கையில் 'எங்கே நிம்மதி' என்று அவன் அலைவது முன்னிலும் அதிகமாகவே நம்மை வாட்டுகிறது.

இக்காலப் படங்களில் இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு விளக்கம் தேவைப்படுவதால், கடைசி அரைமணி நேரம் யாராவது ஒருவர் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார். பார்த்த காட்சிகளே வேறு கோணத்தில் மீண்டும் ஓடுகின்றன. அவ்வளவு விளக்கிய பிறகும், பிரேதப் பரிசோதனையில் இது தெரியாதா, கைப்பேசி அழைப்பு விவரங்களை யாரும் பார்க்கவில்லையா என்று பேருந்து நிறுத்தத்தில் பள்ளி மாணவர்களே கேட்கிறார்கள். நடிகர்களுக்கும் இது அநீதியே. முதற்பாதியில் உயிரைக் கொடுத்து நடித்த துயரத்தைப் பிற்பாதியில் வெறும் வேடம் என்று சொல்லிவிட்டால், அந்த நடிப்பை நாம் எதற்காக நினைவில் வைத்துக்கொள்வது?

இன்றைய பார்வையாளர் முடிவை எளிதில் ஊகித்துவிடுகிறார், ஆகவே அவரை முந்திக்கொள்ளத்தான் வேண்டும் என்று திரைத்துறையினர் சொல்லக்கூடும். ஊகித்தது சரியாக இருந்ததற்காக எந்தப் பார்வையாளரும் படத்தை வெறுத்ததில்லை. எவராலும் ஊகிக்க முடியாதபடி, முன்பு ஒரு குறிப்பும் காட்டாமல் புதிதாக ஓர் இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்கள்.

எனவே தங்கள் விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை திருப்பங்கள் என்பதைப் பாராட்டாக எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். திருப்பத்துக்கான தடயம் முன்னரே நேர்மையாகக் காட்டப்பட்டதா, திருப்பத்துக்குப் பிறகும் அந்த மனிதர்கள்மேல் நமக்கு அக்கறை இருக்கிறதா, முடிவு தெரிந்த பின் இன்னொரு முறை பார்க்கத் தோன்றுகிறதா என்பவற்றை, கதையை உடைக்காமலே இரண்டு வரிகளில் எழுத முடியும். நான்கு பேருக்கு நுழைவுச்சீட்டு எடுத்துப் படத்துக்குப் போகும் குடும்பங்கள் அந்த இரண்டு வரிகளை நம்பித்தான் முடிவெடுக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.