சைவப் பந்தியில் எதில் பால் இருக்கிறது என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள்களுக்கு முன் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில், பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விலக்கும் நனிசைவம் என்பது பெருநகரத்துப் பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஆடம்பரம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதாம் பால் பெட்டியின் விலையைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனாலும் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சைவச் சமையலைத் தவிர வேறு எதையும் அறியாமல் அறுபது வயதைக் கடந்து, கடந்த ஆறு ஆண்டுகளாகப் பாலைத் தொட முடியாமல் வாழ்கிறவள் என்ற முறையில் எனக்கு இதில் சொல்ல வேண்டியது இருக்கிறது.

காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் காபி குடித்தால்தான் எனக்குப் பொழுது விடியும். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், அந்தக் காபி குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பி இரையத் தொடங்கியது. வகுப்பறையில் நிற்க முடியாமல் தவித்த நாள்கள் பல. இரண்டு வாரம் பாலை அறவே நிறுத்திப் பாருங்கள் என்றார் மருத்துவர். நிறுத்தியதும் தொல்லை நின்றது. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்னும் நொதி வேண்டும் என்பதும், குழந்தைப் பருவம் கழிந்த பின் உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்த நொதி குறைந்துவிடுகிறது என்பதும், வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடம் இது கூடுதல் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உறைந்து புளித்த தயிரில் அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதி அமிலமாகிவிடுவதால் அது சிறிதளவு எனக்கு ஒத்துக்கொள்கிறது. நெய்யால் தொல்லையே இல்லை. சென்னையில் வேலை பார்க்கும் என் மகளின் நிலை வேறு. கன்றுக்குரியதை நாம் எடுத்துக்கொள்ளலாகாது என்று அவள் பாலோடு தயிரையும் நெய்யையும் சேர்த்தே விட்டுவிட்டாள். ஒரே குடும்பத்தில் நான் உடம்புக்காகவும் அவள் மனத்துக்காகவும் பாலுக்கு மாற்றுத் தேடியபோதுதான் எங்கள் நாக்கு எதை ஏற்கிறது, எதை ஏற்கவில்லை என்பது தெரியவந்தது.

முதலில் சோயா பால் வாங்கினோம். நூறு மில்லியில் ஏறத்தாழ 3 கிராம் புரதம் இருப்பதால் சத்தில் அது பசும்பாலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் குளிர்ந்த சோயா பாலைக் கொதிக்கும் டிக்காஷனில் ஊற்றினால் கண்ணெதிரே திரிதிரியாகப் பிரிந்து போகிறது. பாலை இளஞ்சூடாக்கி வைத்துக்கொண்டு, டிக்காஷனை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அப்படிச் செய்தும் அந்தப் பயற்று வாடையை என்னால் மறக்க முடியவில்லை. பாதாம் பால் மணமாக இருந்தாலும் கழுநீர் போல மெலிந்தது. பல பெட்டிகளில் நூறு மில்லிக்குப் புரதம் 1 கிராமைக்கூடத் தொடுவதில்லை. ஓட்ஸ் பாலுக்குத்தான் நான் கட்டுப்பட்டேன். 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிக்கார்ட் ஓஸ்டே என்ற அறிவியலாளர், ஓட்ஸின் மாவுச்சத்தை நொதி கொண்டு உடைத்து இதை உருவாக்கினார். அதனாலேயே சர்க்கரை போடாமலே அதில் ஓர் இனிப்பு இருக்கிறது. காபியிலும் எளிதில் திரிவதில்லை. சோயா பானத்துக்கு 12 சதவீதமும் மற்றத் தாவரப் பால்களுக்கு 18 சதவீதமுமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்தி. அப்படியும் நாள்தோறும் வாங்க எங்கள் ஓய்வூதியம் இடம்கொடுக்காது. காபிக்கு மட்டும் வாரம் ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மற்றவற்றுக்குக் கடைக்குப் போகவே வேண்டியதில்லை என்பதுதான் அந்த வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது. நம் மொழியில் பால் என்ற சொல் மாட்டின் மடியோடு நிற்பதில்லை. கதிரில் நெல்மணி திரளும்போது பால் பிடிக்கிறது என்கிறோம். எங்கள் ஊர் அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்தெடுப்பது கோதுமைப் பால். மதுரைத் தெருக்களில் மாலை நேரத்தில் விற்கும் பருத்திப்பால், பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சுவது. ஒரு குவளை குடித்தால் இரவுச் சாப்பாடே வேண்டாம் என்றாகிவிடும். இதையெல்லாம் யாரும் வெளிநாட்டுப் பழக்கம் என்று சொன்னதில்லை. பாலுக்குரிய சொற்களைத் தாவர பானங்களின் பெட்டிகளில் அச்சிடக் கூடாது என்று வகுத்திருக்கும் உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையமும், வழக்கில் வேரூன்றிய பெயர் என்பதால் தேங்காய்ப் பாலுக்கு விலக்கு அளித்திருக்கிறது.

தேங்காய்ப் பாலுக்கு நிகராக என் நாக்கு வேறொன்றையும் சொல்லாது. ஆப்பத்துக்கு ஊற்றும் பாலைவிட, யாழ்ப்பாணத்தில் இடியப்பத்துக்கு வைக்கும் மஞ்சள் சொதியைவிட, மறுவீட்டுப் பந்தியில் மாப்பிள்ளைக்கென்று வைக்கும் எங்கள் ஊர்ச் சொதிதான் எனக்கு உயர்வு. துருவிய தேங்காயில் தண்ணீர் அதிகம் விடாமல் பிழிந்த முதல் பாலைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். வெந்நீர் விட்டுப் பிழிந்த இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் சின்ன வெங்காயம், கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பட்டாணி எல்லாம் வெந்து, குழைந்த பாசிப்பருப்பும் இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்ந்த பிறகு, கடைசியில்தான் முதல் பால். அதை ஊற்றிய பின் அடுப்பின் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். சூடு சற்றுத் தணிந்த பிறகு எலுமிச்சை பிழிந்து, இஞ்சித் துவையலோடும் உருளைக்கிழங்கு வறுவலோடும் இலையில் வைத்தால், பால் ஒத்துக்கொள்ளாதவள் என்ற குறையே எனக்கு நினைவுக்கு வராது.

தயிருக்குத்தான் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. இரவு முழுவதும் ஊறிய நிலக்கடலையை அரைத்து வடிகட்டிக் காய்ச்சி, இளஞ்சூட்டில் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவைத்தால் காலையில் உறைந்திருக்கிறது. மகளுக்காக அதில் மோர்க்குழம்பு வைக்கிறேன், நன்றாகவே வருகிறது. தயிர்ச்சோற்றுக்கு அது ஈடாகாது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவளும் ஆமாம் என்றுதான் சொல்கிறாள், ஆனாலும் அதைத்தான் உண்கிறாள். சத்து விஷயத்திலும் கவனம் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் உண்டு, எள்ளில் அதைவிடப் பன்மடங்கு உண்டு. ஆனால் பி12 வைட்டமினைத் தாவர உணவிலிருந்து நம்பிப் பெற முடியாது என்பதால் மகள் மருத்துவர் சொன்னபடி மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். பாலை விட்டவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

இத்தனையும் வீட்டுக்குள் சரி. வாசலைத் தாண்டினால்தான் துன்பம். சென்ற ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணத்தின் மறுவீட்டுப் பந்தியில் சொதியைப் பார்த்ததும் யாரையும் எதுவும் கேட்காமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். சொதியில் மாட்டுப் பால் இருக்குமா என்று திருநெல்வேலிக்காரி யாராவது கேட்பாளா? ஊருக்குத் திரும்பும் பேருந்தில் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. பிறகு விசாரித்தபோது, எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்துவிட்டதால் தேங்காய்ப் பால் போதாமல் பசும்பாலை ஊற்றிச் சமாளித்ததாகத் தவசிப்பிள்ளை (எங்கள் பக்கத்தில் சமையற்காரரை அப்படித்தான் சொல்வோம்) ஒளிக்காமல் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தனை பேருடைய பசியையும் ஆற்ற வேண்டிய மனிதர் அவர். அதைப் பரிமாறும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

எனக்கு வந்தது வயிற்று வலி. ஒரு நாளில் போய்விட்டது. எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குப் பாலில் உள்ள புரதமே ஒவ்வாமை. அது லாக்டோஸ் செரியாமை போன்றதன்று. ஒரு கரண்டி பாயசத்தில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டும் அளவுக்குப் போகக்கூடியது. அந்தக் குழந்தையின் தாய் எந்த விசேஷத்துக்கும் கட்டுச்சோறு இல்லாமல் போவதில்லை. ரவா தோசை மாவில் மோர் இருக்கலாம், அவியலில் தயிர் இருக்கலாம், ரசத்தை நெய்யில் தாளித்திருக்கலாம், பரோட்டாவுக்குப் பால் விட்டுப் பிசைந்திருக்கலாம். சைவம் என்ற பலகையைப் பார்த்து இதில் ஒன்றையும் அறிய முடியாது. பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளியும் அப்படித்தான். சட்டப்படி பாலும் தேனும் சைவத்தில் அடக்கம். நனிசைவ உணவுக்கெனத் தனி விதிமுறைகள் 2022இல் வந்துவிட்டன. அதற்கெனத் தனி முத்திரையும் இருக்கிறது. பொட்டலங்களில் பால் போன்ற ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்ற விதியும் உண்டு. உணவகங்களில், 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ளவையும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மத்திய உரிமம் பெற்றவையும் மட்டுமே உணவுப் பட்டியலில் ஒவ்வாமைப் பொருள்களைக் காட்டக் கடமைப்பட்டவை. நாம் அன்றாடம் சாப்பிடும் தெருமுனைக் கடைக்கும் திருமணப் பந்திக்கும் எந்த ஏற்பாடும் இல்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உணவக உரிமையாளர்களையும் சமையல் ஒப்பந்தக்காரர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைய பலகாரங்களைச் சுண்ணக்கட்டியால் எழுதும் அதே கரும்பலகையில், பால், தயிர், நெய் சேர்ந்தவற்றின் பக்கத்தில் ஒரு குறி இட்டால் போதும். பந்தியில் பரிமாறுகிறவர் வாளியோடு வரும்போது வாயால் சொன்னாலே போதும். வரும் தை மாதம் எங்கள் இல்லத் திருமணத்துக்குப் பேசியிருக்கும் தவசிப்பிள்ளையிடம் இதைக் கேட்டேன். சொதிக்குத் தேங்காய் போதாவிட்டால் சொதியைக் குறைப்பேனே தவிரப் பால் ஊற்ற மாட்டேன் என்றும், நெய் விட்ட பதார்த்தம் எதுவானாலும் இலைக்கு இலை சொல்லிப் பரிமாறச் செய்வதாகவும் ஒப்புக்கொண்டார். அதற்கென்று ஒரு ரூபாய்கூட அவர் கூட்டிக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.