யோர்தானின் பெருமை

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் போடாதது என் தப்புதான். மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறோம், வீடு நிறைய ஆட்கள், எனக்கு உட்கார்ந்து எழுத ஒரு மூலை கிடைக்கவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு டாக்டரைப் போய்ப் பார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வேதாகமத்தின் 93-ஆம் சங்கீதத்தில் கர்த்தர் "மகத்துவத்தை அணிந்துகொண்டிருக்கிறார்" என்று வருகிறதே, அந்த மகத்துவத்துக்கு எபிரெயத்தில் என்ன வார்த்தை என்று கேட்டாய். ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் அகராதியை எடுத்தேன், நான்கு ராத்திரி போயிற்று. அங்கே இருப்பது 'கேஊத்'. அதன் உடன்பிறப்பு 'காஓன்', அதுதான் வேதத்தில் நிறைய இடங்களில் வருகிறது. நடுவில் ஆலெஃப் என்கிற எழுத்து நிற்பதால் கா-வுக்கும் ஓ-வுக்கும் இடையில் தொண்டை லேசாக அடைத்துத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் வேர் ஒன்றே: உயர்வது, மேலே எழும்புவது. சிம்மாசனம், கிரீடம் எதுவும் அந்த வேரில் இல்லை. யோபு புத்தகத்தில் சேறில்லாமல் நாணல் ஓங்கி வளருமா என்று பில்தாத் கேட்கிறானே, அந்த 'ஓங்கி வளர்வது' இதே வினைதான். எசேக்கியேல் கண்ட ஆறு முழங்கால், இடுப்பு என்று ஏறிக் கடைசியில் நீந்தித்தான் கடக்க முடியும் என்கிற அளவுக்கு வந்ததே, அங்கே தண்ணீர் ஏறியதற்கும் இதே வினை. செங்கடலைத் தாண்டியதும் மோசே பாடிய பாட்டின் முதல் வரியில் அதை இரட்டித்து 'காஓ காஆ' என்கிறான். நம் வேதாகமத்தில் அது "மகிமையாய் வெற்றிசிறந்தார்". எழும்பி எழும்பினார் என்பதுதான் உள்ளே கிடக்கிற படம்.

இப்போது நீதிமொழிகள் 16:18 எடுத்துப் பார். "அழிவுக்கு முன்னானது அகந்தை" என்று சின்ன வயதில் நம்மை மனப்பாடம் செய்ய வைத்தார்களே, அந்த அகந்தையும் காஓன்தான்! கடவுளிடம் இருந்தால் மகத்துவம், மனுஷனிடம் வந்தால் அகந்தை, சொல் ஒன்றுதான். ஆமோஸ் 6:8-இல் யாக்கோபின் காஓனை வெறுக்கிறேன் என்று கடவுள் சொல்கிறார். 47-ஆம் சங்கீதத்தில் அதே 'யாக்கோபின் காஓன்' அவருக்குப் பிரியமானது. வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் பாபிலோனில் சூரா, பும்பெதித்தா என்ற இரண்டு பெரிய யூத வேதப் பள்ளிகளின் தலைவர்கள் அந்தச் சங்கீதச் சொல்லைத்தான் பட்டமாக வைத்துக்கொண்டார்கள். 942-இல் இறந்த சாதியா காஓன் அவர்களில் ஒருவர். அங்கிருந்து நழுவி நழுவி இன்றைய எபிரெயத்தில் காஓன் என்றால் மகாமேதை, கேஊத் என்றால் கடலில் ஓதம் ஏறுவது.

என்னை நான்கு ராத்திரி உட்கார வைத்தது எரேமியா 12:5. ஓடுகிறவர்களோடு ஓடியே இளைத்துப்போனால் குதிரைகளோடு எப்படி ஓடுவாய் என்று கேட்டுவிட்டு, 'யோர்தானின் காஓனில்' என்ன செய்வாய் என்று கேட்கிற வசனம். நம் மொழிபெயர்ப்பில் யோர்தான் பிரவாகித்து ஓடும்போது என்று இருக்கிறது. அறுப்புக்காலத்தில் யோர்தான் கரைபுரளும் என்று யோசுவா புத்தகத்திலேயே இருப்பதால் அது பொருந்தாமலும் இல்லை. ஆனால் சகரியா புத்தகத்தில் யோர்தானின் காஓன் பாழாய்ப்போனதற்காகச் சிங்கக்குட்டிகள் கர்ஜிக்கின்றன. வெள்ளம் பாழாய்ப்போனால் சிங்கம் ஏன் அழ வேண்டும்? அங்கே பேச்சு ஆற்றங்கரைக் காட்டைப் பற்றியது. அந்தப் பள்ளத்தாக்கின் அடியில், ஆறு வளைந்து வளைந்து ஓடுகிற தாழ்ந்த பகுதியில், நாணலும் சவுக்கு மாதிரி இலை கொண்ட தமரிஸ்க் மரமும் ஆள் உயரத்துக்கு மேல் பின்னிக் கிடக்கும். சுற்றிலும் வறண்ட மண், நடுவில் ஒரு பச்சைக் கோடு, அந்தக் காலத்தில் உள்ளே சிங்கம். எரேமியாவிடம் கேட்ட கேள்வியும் அந்தப் புதருக்குள் இறங்குவதைப் பற்றித்தான் என்று எனக்குப் படுகிறது. புதிய மொழிபெயர்ப்புகள் பலவும் அப்படித்தான் போகின்றன.

நம்மவர்கள் ஒரு சொல்லை மகத்துவம், அகந்தை, மேன்மை, பிரவாகம் என்று உடைத்துவிட்டார்களே என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோபு 38:11 கண்ணில் பட்டது, "உன் அலைகளின் பெருமை இங்கே அடங்கக்கடவது." அங்கேயும் காஓன்தான், அதற்குப் பெருமை என்று போட்டவர் கையை முத்தமிடலாம் போல இருந்தது. தேவனுடைய பெருமை என்கிறோம், அவனுக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது என்கிறோம், ஆற்றில் தண்ணீர் ஏறினால் அதே வேரிலிருந்து பெருக்கு என்கிறோம். தமிழில் எல்லாம் தயாராகவே இருந்திருக்கிறது, செல்வராஜ். அதற்காக எல்லா இடத்திலும் பெருமை என்று போட்டுவிட முடியாது. "யோர்தானின் பெருமையில் என்ன செய்வாய்" என்று நான் சத்தமாக வாசித்ததைக் கேட்டு, ஊர்ப் பெருமை பேசுகிற மாதிரி இருக்கிறது என்று மகள் சிரித்தாள்.

உன் 93-ஐ இப்போது மறுபடி வாசி. ஏறுகிற ஒன்றைக் கர்த்தர் உடுத்தியிருக்கிறார், இரண்டு வசனம் தள்ளி நதிகள் எழும்புகின்றன. எழும்புவதற்கு அங்கே வினை வேறு, ஆனால் யார் உயரம் என்கிற போட்டி அதுதான்.

பிரசவத்துக்கு அடுத்த மாதம் முதல் வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் போன் பண்ணுகிறேன். மாட்சிமைக்கு எபிரெயத்தில் ஹாதார் என்று இன்னொரு சொல் இருக்கிறது, அதை நீ நேரில் வரும்போது பேசுவோம், கடிதத்தில் அடங்காது.

உன்
தேவதாஸ்